பூட்டுனமா, இல்லியா? வீட்டை விட்டுக் கிளம்பியதும் வரும் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனி, பட்டறை, காலேஜ், சந்தை என்று காலையில் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவதால் கொங்குப் பக்கம் பாதி வீடுகள் பகலில் பூட்டித்தான் கிடக்கின்றன. "பூட்டுனமா?" என்ற இந்த ஒரு கவலையைப் பல பேர் பல விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் இதைத் தொகுத்தோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

பூட்டிட்டுத்தானுங்க வர்றேன். ஆனா பஸ் அவிநாசி தாண்டறதுக்குள்ள "பூட்டுனனா"ன்னு வந்துருது. எனக்கு மட்டுந்தான் இப்படியா?

இல்லைங்க, இது மிகப் பெரும்பாலோருக்கு வருவது. தினமும் செய்கிற வேலையைக் கை தானாகவே செய்துவிடும். கை பூட்டிக்கொண்டிருக்கும்போது மனசு பஸ்ஸிலோ, ஆபீஸிலோ, பிள்ளையின் பரீட்சையிலோ இருந்திருக்கும். கவனம் போகாத இடத்தில் நினைவு பதியாது. பிறகு தேடினால் இன்றைக்குப் பூட்டியது கிடைக்காது. கிடைத்தாலும் அது நேற்றுப் பூட்டியதா, போன வாரம் பூட்டியதா என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே கதவு, ஒரே பூட்டு.

"ஞாபகம் வரவில்லை" என்பதும் "பூட்டவில்லை" என்பதும் வேறு வேறு. கீழே சொல்லப் போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

அப்போ எனக்கு மறதி வந்துருச்சுங்களா?

பூட்டியதில் சந்தேகம் வருவது மறதி நோய் ஆகாது. திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் பூட்டியே இருக்கிறதென்றால் உங்கள் வேலை சரியாகத்தான் நடக்கிறது, நம்பிக்கைதான் குறைவு. நிஜமாகவே கதவு திறந்து கிடப்பது, அடுப்பு எரிந்துகொண்டே இருப்பது, பழகிய வழி தடுமாறுவது, அதுவும் வயதானவர்களுக்குப் புதிதாக வந்தால், அப்போதுதான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒருக்காப் பூட்டுனா மனசு ஆறாம நாலஞ்சு தடவ இழுத்து இழுத்துப் பாக்கறேன். ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானுங்களே?

முதல் இழுப்பு நல்லது, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் கெடுதல். எத்தனை தடவை சோதிக்கிறோமோ அத்தனைக்கு நினைவு மங்கும்.

நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹூட், மெரெல் கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. ஒரு கூட்டத்தார் அதையே திரும்பத் திரும்பத் திறந்து மூடிச் சரிபார்த்தார்கள். இன்னொரு கூட்டத்தார் அதே அளவுக்கு விளக்குகளைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியில் மட்டும் அடுப்புக்கு வந்தார்கள். பிறகு அந்தக் கடைசித் தடவையைப் பற்றிக் கேட்டபோது, இரு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குக் காட்சி மங்கலாக இருந்தது, தங்கள் நினைவின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

உங்களுக்கும் இதுதான் நடக்கிறது. சந்தேகம் வந்ததால் இழுக்கிறீர்கள், இழுத்ததால் அடுத்த சந்தேகம் வருகிறது.

சரி, ஒரே தடவையில மனசுல நிக்கற மாதிரி எப்படிப் பூட்டறது?

முதலில் கையைக் காலி பண்ணுங்கள். டிபன் பையைக் கீழே வையுங்கள், போன் பாக்கெட்டில் இருக்கட்டும். பேசிக்கொண்டே பூட்டுவதுதான் சந்தேகத்துக்கு முதல் காரணம். கதவைச் சாத்தி, ஆல்ட்ராப் (பூட்டு மாட்டுகிற நீளத் தாழ்ப்பாள்) கம்பி கடைசி வரைக்கும் உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பூட்டை மாட்டி, அழுத்தி, சாவியைத் திருப்புங்கள். பிறகு பூட்டைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரே ஒரு தடவை நன்றாக இழுங்கள்.

இழுத்தவுடன் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். "பூட்டியாச்சு" என்று மட்டும் சொன்னால் அது நேற்றைய "பூட்டியாச்சு"வோடு கலந்துவிடும். இன்றைக்கு மட்டுமே உள்ள ஒன்றைச் சேர்க்க வேண்டும்: "வெள்ளிக்கிழமை, தூறல், பச்சைச் சட்டை, பூட்டியாச்சு." பஸ்ஸில் சந்தேகம் வரும்போது சட்டையைப் பார்த்தால் போதும், கதவருகே நின்றது கூடவே வரும். அப்புறம் சாவி எப்போதும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும். கைப்பையின் சின்ன ஜிப் என்றால் என்றைக்கும் அதேதான். நடையைக் கட்டுங்கள், படியிறங்கிய பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம்.

வாய்விட்டுச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் துணை பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லித்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஜப்பான் ரயில்வேயில் விரலால் சுட்டிக் காட்டியும் சொல்வார்கள். அங்கே ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, எளிய வேலை ஒன்றில் 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னதும் 0.38 ஆனது.

சாவி கையில இருந்தா பூட்டியாச்சுன்னு வெச்சுக்கலாமுங்களா?

அது உங்கள் பூட்டைப் பொறுத்தது. தொங்கு பூட்டில் இரண்டு வகை. ஒன்று, வளையத்தை அழுத்தினாலே பூட்டிக்கொள்வது. இன்னொன்று, அழுத்திய பிறகு சாவியைத் திருப்பினால்தான் பூட்டுவது. இரண்டாவது வகையில் பல பூட்டுகள், திறந்திருக்கும்போது சாவியை வெளியே விடாது.

திண்டுக்கல் பூட்டோ அலிகர் பூட்டோ, வீட்டில் உட்கார்ந்து இதைச் சோதித்துவிடுங்கள். பூட்டைத் திறந்து வைத்துச் சாவியை உருவப் பாருங்கள். வரவில்லை என்றால் உங்களுக்குப் பெரிய நிம்மதி: சாவி கையில் இருக்கிறது என்றாலே பூட்டு விழுந்திருக்கிறது. சந்தேகம் வரும்போது ஜிப்பைத் தொட்டால் போதும். சாவி சுலபமாக வந்துவிட்டால் இந்த அடையாளம் உங்களுக்கு ஆகாது. இந்தச் சந்தேகம் அதிகமாக இருப்பவர்கள் அடுத்த பூட்டு வாங்கும்போது கடையிலேயே சாவியை உருவிப் பார்த்து வாங்குவது நல்லது.

கதவுக்குள்ளேயே பதித்த பூட்டென்றால், இரண்டு சுற்று சுற்றினால்தான் முழுக்க விழுபவை உண்டு. ஒரு சுற்றோடு விட்டாலும் சாவி வந்துவிடும். அங்கே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணித் திருப்பும் பழக்கம் வேண்டும். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் லாட்ச் வகையில் கவலையே வேறு: சாவி உள்ளே மாட்டிக்கொள்வது.

பூட்டு மாட்டியிருந்துது, ஆனா வந்து தொட்டதும் கழண்டுருச்சு. அது எப்படிங்க?

வளையம் குழியில் உட்கார்ந்தது, உள்ளே கவ்வவில்லை. தூசும் துருவும் சேர்ந்தால் இப்படி ஆகும். தறி, பஞ்சு, மாவு மில் பக்கம் உள்ள வீடுகளில் பூட்டுக்குள் படிவது அதிகம். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துப் பிசினாக்கிவிடும். கிராஃபைட் தூள் கடையில் கிடைக்கும். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு தடவை திருப்பலாம்.

இன்னொரு காரணம் கதவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதிக்கொள்ளும். கீல் தளர்ந்தால் கதவு ஒரு பக்கம் இறங்கும். இரண்டிலும் ஆல்ட்ராப் கம்பி துளைக்கு நேராக நிற்காமல் பாதியில் நின்றுவிடும். கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் தாழ் போட வேண்டியிருக்கிறது என்றால் ஆசாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட கோளாறைப் பிடிப்பதற்குத்தான் மேலே சொன்ன அந்த ஒரே இழுப்பு.

முன்வாசல் சரிங்க, பொடக்காலிக் கதவுதான் எனக்குப் பிரச்சனை.

நிஜமாகவே திறந்து கிடக்கும் கதவு பெரும்பாலும் இந்தக் கொல்லைப்புறக் கதவுதான். துணி எடுக்க, பாத்திரம் கழுவ, குப்பை போட என்று காலையில் பத்துத் தடவை திறந்து மூடுவோம். கடைசியாக மூடியது யார் என்று யாருக்கும் தெரியாது.

வரிசையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: மொட்டைமாடிக் கதவு, பொடக்காலி, சமையல்கட்டு, ஜன்னல், முன்வாசல். தினமும் அதே வரிசை. இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. முன்வாசல் சாவியைப் பொடக்காலிக் கதவின் தாழ்ப்பாள் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். அதை எடுக்காமல் கிளம்ப முடியாது. எடுக்கப் போகும்போது தாழ்ப்பாள் கண்ணில் படாமல் போகாது. வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத இடமாகப் பார்த்து ஆணியை அடியுங்கள்.

கதவவிட கேஸ், அயன் பாக்ஸ், மோட்டார்தான் பயமா இருக்குதுங்க.

கேஸுக்கு அடுப்புத் திருகை நம்ப வேண்டாம், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவதையே பழக்கமாக்குங்கள். அங்கே மூடினால் ட்யூபில் ஓட்டை இருந்தாலும் கவலையில்லை. வந்து கதவைத் திறந்ததும் வாடை அடித்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

அயன் பாக்ஸுக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரை இஸ்திரி மேஜை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள். கதவைச் சாத்தும்போது ஒரு பார்வையில் தெரியும். தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு இருக்கிற வீட்டில், அதை எடுத்துத் தனியாக மாட்டாமல் யாரும் வெளியே போகக் கூடாது. தண்ணீர் வற்றினால் தீப்பிடிக்கும்.

மோட்டாருக்கு மனசை வருத்திக்கொள்வதைவிடக் கருவி வைத்துவிடுவதே மேல். டேங்க்கில் மிதவை ஸ்விட்ச் வைத்தால் நிறைந்ததும் தானாக நிற்கும். தோட்டத்தில் ஸ்டார்ட்டரை "ஆட்டோ"வில் விட்டு வந்தால் மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் ஓட ஆரம்பிக்கும். கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரின் காயில் கருகிவிடும். போனிலிருந்தே நிறுத்துகிற மொபைல் ஸ்டார்ட்டர் தூரத்தில் இருப்பவர்களுக்கு உதவும், வறண்டு ஓடினால் நிறுத்தும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

நானும் அவரும் ஒண்ணாத்தான் கிளம்புவோம். அவரு பூட்டுனாருன்னு நான் நெனைப்பேன், நான் பூட்டுனேன்னு அவரு நெனைப்பாரு.

இது நினைவுக் கோளாறே இல்லை. வேலை யாருடையது என்று முடிவு செய்யாததுதான் காரணம். வீட்டுக்கு ஒரு விதி: கடைசியாகப் படியிறங்குபவர் பூட்ட வேண்டும், "பூட்டிட்டேன்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் "சரி" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வண்டி கிளம்பக் கூடாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்து ஹார்ன் அடித்து அவசரப்படுத்துவதை விட்டுவிடுங்கள். பூட்டுகிறவரின் கவனத்தைக் கெடுப்பது அதுதான்.

நிசமாலுமே பூட்ட மறக்கறது எப்பத்தாங்க நடக்கும்?

வழக்கமான வரிசை பாதியில் அறுபடும்போது. பூட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது, மறந்த டிபன் பாக்ஸுக்காக மறுபடி உள்ளே போனது, பால்காரர் வந்து பேச்சுக் கொடுத்தது, கையில் குழந்தை இருந்தது, விருந்தாளிகளோடு பெருங்கூட்டமாகக் கிளம்பியது. இந்த மாதிரி நாளில் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், பொடக்காலியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பாதி வழியில சந்தேகம் வந்துருச்சு. திரும்பிப் போறதா, வேண்டாமா?

உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு வரிசை அறுபட்டுதா?" முந்தைய பதிலில் சொன்ன ஏதாவது ஒன்று நடந்தது என்று குறிப்பாகத் தெரிந்தால், சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் என்றால் திரும்பிவிடுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை, "ஞாபகம் வரலை" என்பது மட்டுந்தான் என்றால் போய்க்கொண்டே இருங்கள்.

இந்த விதியை வீட்டில் அமைதியாக இருக்கும்போது முடிவு செய்து வையுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து முடிவெடுத்தால் பயம்தான் ஜெயிக்கும். திரும்பிப் போய்ப் பார்த்துப் பூட்டியிருப்பதைக் கண்டால் வரும் நிம்மதி, அடுத்த தடவையும் திரும்பச் சொல்லும்.

பூட்டைப் போட்டோ எடுத்து வெச்சுக்கறேன். கேமராவும் வெக்கலாம்னு இருக்கறேன்.

ஊருக்குப் போகிற நாளில் ஒரு போட்டோ தப்பில்லை. தினமும் எடுக்க ஆரம்பித்தால் அதுவும் இழுத்துப் பார்ப்பதில் சேர்ந்துவிடும். "இது இன்னைக்கு எடுத்ததா, எடுத்த பின்னாடி தொறந்தனா" என்று போட்டோவின் மேலேயே சந்தேகம் வருபவர்கள் உண்டு. அந்த நிலை வந்தால் போட்டோவை நிறுத்துங்கள்.

கேமரா திருட்டுக்குக் காவல், சந்தேகத்துக்கு மருந்து இல்லை. வைத்தால் அதையும் வைஃபை ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் படம் நின்று, அதுவே புதுப் பதற்றமாகும். மணிக்கு ஒரு தடவை போனில் வாசலைப் பார்ப்பதும் வேண்டாம், ஆள் நடமாட்டம் தெரிந்தால் அறிவிக்கும் வசதியைப் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறோம். நாலஞ்சு நாள் வீடு பூட்டிக் கெடக்கும்.

இதில் வரும் கவலைக்கு நியாயம் உண்டு, அதனால் வேலையும் உண்டு. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் முகவரியும் நாட்களும் எழுதிக் கொடுங்கள், ரோந்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாசலில் சேர்ந்த பேப்பரே ஆளில்லை என்று சொல்லிவிடும். நகையை லாக்கரிலோ நம்பிக்கையான பங்காளி வீட்டிலோ வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வாசல் கூட்டிக் கோலம் போடச் சொன்னால் வீட்டில் ஆள் இருப்பது போலவே இருக்கும். மாற்றுச் சாவியும் அவர்களிடமே இருக்கட்டும். மிதியடிக்கு அடியிலும் பூந்தொட்டியிலும் மீட்டர் பெட்டியிலும் வைக்காதீர்கள், திருட வருபவர் முதலில் தடவுவது அங்கேதான். "குடும்பத்தோட பழனி யாத்திரை" என்ற ஸ்டேட்டஸைத் திரும்பி வந்த பிறகு போடலாம்.

தனித்தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தினமும் பொழுதோட வந்து சுற்றிப் பார்த்துப் போன் செய்கிற ஏற்பாடு கேமராவைவிடப் பலமானது.

கடை ஷட்டருக்கும் இதேதானுங்களா?

இதேதான், கூடுதலாக ஒன்று. இரண்டு பக்கமும் பூட்டு உண்டு, ஒரு பக்கத்தோடு கிளம்பிவிடுவார்கள். நடுவில் பிடித்து மேலே ஒரு தடவை தூக்குங்கள், பூட்டாத பக்கம் எழும்பிவிடும். பட்டறை என்றால் கம்ப்ரஸரையும் மெயினையும் அணைத்த பிறகே ஷட்டருக்கு வாருங்கள்.

எங்கம்மா நான் ஆபீஸ்ல இருக்கறப்போ "பூட்டுனனா சாமி, நீ பாத்தியா"ன்னு கேட்டுட்டே இருக்குது. என்னங்க பண்றது?

கோபப்படாதீர்கள், அவர் படும் வேதனை நிஜம். ஆனால் ஒவ்வொரு தடவையும் "பூட்டிட்டீங்கம்மா" என்று சொல்வதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதற்குச் சமம், அடுத்த கேள்விக்கு அதுவே வழி. ஒரு தடவை பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை, "மறுக்கா அந்த பயம் வந்துருச்சாம்மா, செத்த நேரம் பொறுங்க, தானாப் போயிரும்" என்று பயத்துக்கு மட்டும் ஆறுதல் சொல்லுங்கள். முன்கூட்டியே அவரிடம் பேசி, ஒத்துக்கொண்ட பிறகு இதைத் தொடங்குங்கள். திடீரென்று மாற்றினால் கைவிட்டதாக நினைப்பார்.

எப்போ டாக்டரப் பாக்கோணும்?

சரிபார்ப்பதிலும் அதே நினைப்பிலும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால். அதற்குக் குறைவாக இருந்தாலும் வேலைக்குத் தாமதமாவது, ஊர்ப் பயணத்தையே தவிர்ப்பது, இத்தனை தடவை தொட்டால்தான் ஆகும் என்று கணக்கு வருவது, இதில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு இது புதிதாகத் தொடங்குவதும் உண்டு, அப்போது தள்ளிப் போடாதீர்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவைக்கு 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை போட்டா அதுக்கே அடிமையாயிருவோம்ங்கறாங்களே? கோயில்ல முடிகயிறு கட்டியாச்சு.

முடிகயிறு இருக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும், ஒன்றுக்கொன்று தடையில்லை. இதற்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிப் பிடிப்பவை இல்லை. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் "கேக்கலை" என்று விடுபவர்களும், சரியானதும் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துபவர்களும்தான் சிரமப்படுகிறார்கள். மாத்திரை இல்லாத பயிற்சிச் சிகிச்சையும் உண்டு: பயம் வரும் சூழலுக்குப் படிப்படியாகப் போய், சரிபார்க்காமல் இருந்து பழகுவது.

பூட்டுனது நல்லாவே தெரியுதுங்க. ஆனாலும் ஏதாவது ஆச்சுன்னா எம்மேலதான பழின்னு இருக்குது.

இதுதான் பலருக்கும் அடியில் கிடக்கும் கவலை, வெளியே சொல்வது குறைவு. மற்றவர் பூட்டிய நாளில் உங்களுக்குச் சந்தேகமே வராது, நீங்கள் பூட்டிய நாளில் மட்டும் வரும் என்றால் நிச்சயமாக இதுதான். பூட்டுவது உங்கள் பொறுப்பு, அது முடிந்துவிட்டது. பூட்டிய பூட்டை ஒருவன் உடைத்தால் பழி அவனுடையது. இதை வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாலே பலருக்குப் பாரம் இறங்குகிறது. பிள்ளைகள் பூட்ட மறந்தபோது போட்ட சத்தத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு இல்லைங்க. நானே குறைச்சுக்க வழி இருக்குதுங்களா?

இருக்கிறது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எத்தனை தடவை இழுக்கிறீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். ஆறு என்றால் அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்து இரண்டு, பிறகு ஒன்று. குறைக்கும் நாளில் பதற்றம் ஏறும், நெஞ்சு படபடக்கும். சரிபார்க்காமல் விட்டால் அது ஏறி, நின்று, தானாக இறங்கும்.

திரும்ப வேண்டும் என்று தோன்றினால் "15 நிமிஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுங்கள், பாதி நாள் அதற்குள் ஆர்வம் போய்விடும். தூக்கம் கெட்ட வாரத்திலும் வீட்டில் விசேஷம் இருக்கும் வாரத்திலும் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அடுத்த திங்கட்கிழமை விட்ட எண்ணிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.